கைராசியும் மண்ணும்

இவ்வாரம் எமது மேசைமீது இரண்டு கடிதங்கள் அருகருகே கிடக்கின்றன. ஒன்று, அட்டன் பகுதியிலிருந்து உயர்தர வகுப்பு மாணவி ஒருவர் எழுதியது. “கமேலியா என்னும் பூஞ்செடியை நுவரெலியாவில் ஓர் இல்லத்தின் முன்றிலிற் கண்டேன். தேயிலைக்கும் அதற்கும் உறவுண்டு என்று எங்கள் ஆசிரியை கூறினார். எங்கள் வீட்டிலும் அதனை வளர்க்க இயலுமா?” என்று அவர் வினவுகிறார். மற்றையது, நல்லூரிலிருந்து இல்லத்தரசி ஒருவர் எழுதியது. “மலைநாட்டிலிருந்து கொண்டுவந்த கமேலியாக் கன்றுகள் இரண்டும் பட்டுவிட்டன. நாள் தவறாது நீரூற்றினேன்; எருவும் இட்டேன். எனக்குக் கைராசியில்லை என்று வீட்டார் சொல்லுகின்றனர். நான் செய்த பிழை யாது?” என்பது அவருடைய கேள்வி.

கேள்விகள் இரண்டாயினும் விடை ஒன்றே. அதனைச் சொல்லுமுன் வாசகர்களுக்கு நாம் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ளல் வேண்டும். எமது வீட்டிலும் ஒரு கமேலியா மாண்டது. அதனைக் கொன்றவர்கள் நாமே.

1974ஆம் ஆண்டு மார்கழியில், அலுவலாக நுவரெலியாவுக்குச் சென்ற எம் தந்தையார், தெருவோரத்தில் ஒருவரிடம் கமேலியாக் கன்றொன்றை வாங்கினார். அதில் இரண்டு மொட்டுக்கள் இருந்தன. நானுஓயாவிற் புகையிரதம் ஏறி, பொல்காவலையில் வண்டி மாறி, மடியிலே வைத்தபடி யாழ்ப்பாணம் வரை அதனைக் கொண்டுவந்து சேர்த்தார். எம் அன்னையாருக்கு அன்று உண்டான மகிழ்ச்சி இன்றும் எம் கண்முன் நிற்கின்றது. கிணற்றடியில், குளிக்கும் நீர் ஓடிவரும் வாய்க்காலின் ஓரத்திலே, நல்ல வெயில் படும் இடமாகப் பார்த்து அதனை நட்டார். காலையும் மாலையும் நீரூற்றினார்.

பத்து நாளில் இரண்டு மொட்டுக்களும் விரியாமலே உதிர்ந்தன. பின்னர் இலைகள் மஞ்சளித்தன. நரம்புகள் மட்டும் பச்சையாய் நிற்க, இடைப்பட்ட பகுதியெல்லாம் வெளிறிற்று. செடிக்குப் பசி என்று எண்ணிய அன்னையார் அடுப்புச் சாம்பலைத் தூவினார். முட்டைக் கோதுகளை நொறுக்கி இட்டார். நீரை இன்னும் மிகுதியாக ஊற்றினார். ஆடி மாதம் பிறக்குமுன் அது வெறுங் குச்சியாயிற்று. “எனக்குக் கைராசியில்லை” என்று அன்னையார் சொன்னார். வீட்டிலுள்ள எவரும் அதனை மறுத்துரைக்கவில்லை. மறுத்துரைக்கத்தக்க அறிவு எமக்கு அன்று இல்லை. அதன் பின்பு அவர் புதிதாக எந்தப் பூங்கன்றையும் தம் கையால் நட்டதில்லை. எவரேனும் கன்று கொண்டுவந்தால், “நீங்களே வையுங்கள்” என்று விலகிக்கொள்வார்.

நல்லூர்ச் சகோதரியின் கடிதத்தைப் படித்தபோது அந்தச் சொல்லே எம் செவியில் மீண்டும் ஒலித்தது. ஆதலாற்றான் இவ்வாரம் வேறு எதனையும் எழுத மனம் வரவில்லை.

தேயிலையின் உடன்பிறப்பு

கமேலியா எங்குப் பிறந்தது என்பதை அறிந்தால், அதற்கு வேண்டியது யாது என்பது பாதி விளங்கிவிடும். நாம் பெரிதும் பேசப்போவது ‘கமேலியா யப்போனிக்கா’ என்னும் இனத்தைப் பற்றியது. யப்பான், கொரியா, தைவான், கிழக்குச் சீனம் ஆகியவற்றின் காடுகள் அதன் தாயகம். பெருமரங்களின் நிழலில், ஆண்டாண்டு தோறும் விழுந்து உக்கிய இலைகளின்மேல், குளிர்ந்த ஈரக்காற்றிலே அது வளரும். இலை தடித்துக் கரும்பச்சையாய், மெழுகு பூசியது போல மினுங்கும். ஓரத்திற் சிறு பற்கள் இருக்கும். ஆண்டு முழுவதும் இலையுதிர்ந்து வெறுமையாக நிற்பதில்லை. பூவில்லாத காலத்திலும் முன்றிலுக்கு அழகு செய்யும் செடி இது.

யப்பானியர் இதனைச் ‘சுபாக்கி’ என்பர். சீனர் ‘மலைத் தேயிலைப் பூ’ என்று பொருள்படும் பெயரால் அழைப்பர். சீனரின் பெயரே நுட்பமானது. ஏனெனில் நாம் நாள்தோறும் அருந்தும் தேநீருக்குரிய செடியும் ஒரு கமேலியாவே. அதன் தாவரவியற் பெயர் ‘கமேலியா சினென்சிசு’ என்பதாகும்.

பெயரின் வரலாறும் சுவையானது. 1661ஆம் ஆண்டு மொறேவியா நாட்டுப் பிறணோ நகரிற் பிறந்து, பிலிப்பைன் தீவுகளில் மருந்தாளராகப் பணிபுரிந்து, 1706ஆம் ஆண்டு மணிலாவில் மறைந்த கமெல் என்னும் யேசுசபைத் துறவி அத்தீவுகளின் செடிகொடிகளைப் பற்றி எழுதிவைத்தார். அவரது நினைவாக, சுவீடன் நாட்டு லின்னேயசு 1753ஆம் ஆண்டு இச்செடியினத்துக்கு அப்பெயரைச் சூட்டினார். அதே நூலில் தேயிலையை அவர் வேறோர் இனமாகவே வகுத்திருந்தார். இரண்டும் ஒன்றே எனப் பின்வந்த அறிஞர் கண்டு சேர்த்தனர்.

மலைநாட்டு மாணவர்கள் இதனைத் தாமே சோதித்தறியலாம். கொழுந்து பறிக்கப்படாது விடப்பட்ட தேயிலைச் செடியொன்றிலே பூவைத் தேடிப் பாருங்கள். சிறிய வெண்ணிற இதழ்கள். நடுவே பொன்னிறக் கேசரங்கள் திரளாக நிற்கும். ஒற்றையடுக்குக் கமேலியாப் பூவை அருகில் வைத்தால், அக்காளும் தங்கையும் போல இருக்கும். தேயிலையில் நாம் இலையை விரும்புகிறோம். ஆதலால் பூப்பதற்கு இடங்கொடாது மீண்டும் மீண்டும் கிள்ளுகிறோம். கமேலியாவிலோ பூவை விரும்புகிறோம். ஆதலால் இலையை அதன் போக்கில் விட்டுவிடுகிறோம்.

அன்பினால் மாண்ட செடிகள்

கமேலியா முதன்முதல் இங்கிலாந்தை அடைந்தபோது அதற்கு நேர்ந்த கதி எம் வீட்டு நிகழ்ச்சியை ஒத்தது. 1739ஆம் ஆண்டளவில், எசெக்சுப் பகுதியில் வாழ்ந்த பீற்றர் பிரபு என்பார் இச்செடியைத் தம் தோட்டத்தில் வைத்திருந்தார். கீழை நாட்டுச் செடியாதலின் வெப்பத்தை நாடும் என்று கருதி, அனல் மூட்டிச் சூடேற்றிய கண்ணாடி வீட்டினுள் அதனை வைத்துக் காத்தனர். குளிரை விரும்பிய செடி அச்சூட்டிலே மாண்டது என்று தோட்டக்கலை நூல்கள் கூறும். பிரபுவுக்குப் பணமும் தோட்டக்காரரும் குறைவா? அன்புதான் குறைவா? அறிவு ஒன்றே குறைந்திருந்தது.

பின்னர் உண்மை விளங்கிற்று. 1792ஆம் ஆண்டு, ‘கர்னாட்டிக்’ என்னும் பெயருடைய கிழக்கிந்தியக் கம்பனிக் கப்பலிலே சீனத்திலிருந்து அடுக்கு மலர்க் கமேலியாக்கள் இங்கிலாந்துக்கு வந்தன. அவற்றுள் தூய வெண்மையான ‘அல்பா பிளேனா’ என்னும் வகை இன்றும் உலகெங்கும் பயிரிடப்படுகின்றது. அடுத்த நூற்றாண்டில் ஐரோப்பா முழுவதும் கமேலியா மோகம் பரவிற்று. 1848ஆம் ஆண்டு இளைய தூமா எழுதிய புகழ்பெற்ற புதினத்தின் தலைவி, கையில் எப்போதும் கமேலியா மலரைக் கொண்டிருப்பதனாலேயே பெயர்பெற்றவள். அக்கதையே 1853ஆம் ஆண்டு வேர்டியின் இசைநாடகமாயிற்று.

இச்செடி குளிரை எவ்வளவு தாங்கவல்லது என்பதற்கு யேர்மனியில் ஒரு சான்று நிற்கின்றது. திரெசுடன் நகருக்கு அண்மையிலுள்ள பில்னிற்சு மாளிகைத் தோட்டத்தில், 1801ஆம் ஆண்டு இன்றைய இடத்தில் நடப்பட்ட கமேலியா ஒன்று உண்டு. பனிக்காலத்தில் அதனைச் சுற்றி மரக்கூடு அமைத்து வைக்கோலாலும் பாயாலும் மூடுவது வழக்கம். 1905ஆம் ஆண்டு சனவரி மாதத்துக் கடுங்குளிரில் அக்கூடு தீப்பற்றியது. தீயணைக்க ஊற்றிய நீர் மரத்தின்மேல் உறைந்து பனிக்கட்டிப் போர்வையாயிற்று. அப்போர்வையே வெளிக்குளிரினின்றும் அதனைக் காத்தது எனவும், மரம் மீண்டும் துளிர்த்தது எனவும் சொல்லப்படுகின்றது. இன்று அம்மரம் 28 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. 1992ஆம் ஆண்டு முதல், தண்டவாளத்தில் நகரும் கண்ணாடி வீடொன்று பனிக்காலத்தில் அதன்மீது வந்து கவிகின்றது. தீயையும் பனியையும் வென்ற இச்செடி, யாழ்ப்பாணத்துக் கிணற்றடியிலே எட்டு மாதம் பிழைக்கவில்லை என்றால் காரணம் யாது?

குற்றம் எங்கே இருந்தது?

காரணத்தை எமக்கு உணர்த்தியவர் ஒரு விஞ்ஞானியல்லர். பல ஆண்டுகளுக்குப் பின்பு, மலைநாட்டில் ஆசிரியையாக இருந்த உறவினர் ஒருவரின் வீட்டிலே சில நாள் தங்கியிருந்தோம். அவர் புதிதாக வாங்கிய கமேலியாக் கன்றை நடுவதற்கு, நாற்பது ஆண்டுகள் கொழுந்தெடுத்து ஓய்ந்த மூதாட்டி ஒருவர் துணைக்கு வந்திருந்தார். பூத்திருந்த மலரைக் கையில் ஏந்திப் பார்த்த அவர், “டீச்சரம்மா, இது தேயிலைப் பூவுதானுங்களே! கொஞ்சம் பெருசா பூத்திருக்கு, அம்புட்டுத்தான்” என்றார்.

நடுவதற்கு ஆசிரியை காட்டிய மூலையை அவர் ஒப்பவில்லை. அவ்விடத்தில் முன்னர் வெளி அடுப்பு இருந்ததாம். “பழைய லயம் இருந்த எடத்துல தேயிலை வைச்சா வராதுங்க. அடுப்புச் சாம்பல் கொட்டுன மண்ணு அது. எத்தனை தடவை வைச்சாலும் மஞ்சளா நிக்கும்” என்றார். எமது நெஞ்சில் ஏதோ ஒன்று சுருக்கென்றது. சாம்பல்! எம் அன்னையார் தம் கையால் அன்போடு தூவிய சாம்பல்.

மாணவர்கள் இதன் இரசாயனத்தை அறிந்துகொள்க. தேயிலையும் கமேலியாவும் அமிலத் தன்மையுள்ள மண்ணை நாடுபவை. மண்ணின் பீ.எச். பெறுமானம் கமேலியாவுக்கு 5 முதல் 6.5 வரை இருத்தல் நன்று. நடுநிலையான 7ஐத் தாண்டினால் துன்பம் தொடங்கும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணிலே இரும்புச் சத்து இருந்தாலும், அது நீரிற் கரையாத வடிவத்தில் முடங்கிவிடும். வேர் அதனை உறிஞ்ச இயலாது. இரும்பின்றி இலை பச்சையத்தை ஆக்கமாட்டாது. ஆகையால் நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் தோன்றும். சோறு நிறைந்த பானையின் எதிரே வாய் கட்டப்பட்டவன் பசியால் வாடுவது போன்றது இது.

யாழ்ப்பாணக் குடாநாடோ சுண்ணாம்புக் கல்லின்மேல் அமைந்த நிலம். அக்கல்லில் ஊறிவரும் கிணற்று நீரின் இயல்பை அறிய ஆய்வுகூடம் வேண்டா; கேத்தலின் அடியிற் படியும் வெண்படிவைப் பார்த்தாற் போதும். அந்நீரை நாளிருமுறை ஊற்றினோம். குளித்த சவர்க்கார நீரையும் பாயவிட்டோம். சாம்பல் காரத்தைக் கூட்டிற்று. முட்டைக் கோதோ முழுதும் சுண்ணாம்பு. மேலும் வெம்மையான வெயில். செடி கேட்டதற்கு நேர்மாறானவற்றையே ஒவ்வொரு நாளும் உபசாரமாகச் செய்தோம். அன்னையாரின் கையிற் குற்றமில்லை. அந்தக் கையினால் நட்ட முருங்கையும் மல்லிகையும் செவ்வரத்தையும் அதே முற்றத்திற் செழித்தனவே!

இவ்வுண்மை எமக்குத் தெரியவந்தபோது, அதனைக் கேட்பதற்கு அன்னையார் உயிருடன் இல்லை. அவருக்குச் சொல்லாது போனதை நல்லூர்ச் சகோதரிக்குச் சொல்லுகின்றோம்: அம்மா, தங்கள் கைராசிக்கு ஒரு குறையுமில்லை. மண் வேறு; அவ்வளவே.

மண்ணை அறியும் வழிகள்

கன்று வாங்குமுன் மண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள். பாடசாலை மாணவர் இருக்கும் வீடாயின் பாசிச்சாயத் தாள் கிடைக்கும். ஒரு பிடி மண்ணை மழைநீரிற் கலக்கித் தெளியவிட்டு நீலத்தாளை அமிழ்த்துங்கள். மெல்லச் செம்மை காட்டுமாயின் அமில மண். இன்னொன்று: உலர்ந்த மண்ணில் சிறிது வினாகிரியை ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கினால் அங்கே சுண்ணாம்பு உண்டு. கமேலியாவுக்கு அது ஆகாது. மலைநாட்டவருக்கு இவற்றினும் எளிய சான்று ஒன்றுண்டு. உங்கள் அயலிலே ஐதரேஞ்சியாப் பூ நீலமாகப் பூக்கிறதா? அது நீலமாகப் பூக்கும் மண் அமில மண். அங்கே கமேலியாவும் நிற்கும்.

மண் பொருந்தினாலும் தட்பவெப்பம் பொருந்தவேண்டும். நுவரெலியா போன்ற உயர்ந்த இடங்களே இதற்கு மிகவும் ஏற்றவை. அட்டன், பண்டாரவளைப் பகுதிகளிலும் நிழலும் ஈரமும் அமைந்த இடம் பார்த்து முயலலாம். கண்டி போன்ற தாழ்ந்த இடங்களில் உள்ளோர், வெயிலைச் சற்றுத் தாங்கும் ‘சசங்குவா’ என்னும் சிற்றிலைக் கமேலியாவைச் சாடியில் வைத்துப் பரீட்சித்துப் பார்க்கலாம். உயரங் குறையக் குறைய, செடி பிழைத்தாலும் மொட்டு மலர்வது ஐயத்துக்குரியதே.

நடும் முறை

காலை வெயில் சுள்ளென்று படும் கிழக்குப் பக்கத்தைத் தவிர்க்க. நுவரெலியாவில் தை, மாசி மாதங்களில் சில விடியற்காலைகளில் உறைபனி விழும். பனி படிந்த மொட்டின்மீது உடனே வெயில் தாக்கினால் இதழ்கள் கருகும். மரமொன்றின் சிதறிய நிழலே சிறந்தது. வலிய காற்றும் ஆகாது.

குழி, வேர்த்திரளின் இரு மடங்கு அகலம் இருக்கட்டும். ஆழம் அத்திரளின் அளவுக்கு மேற்பட வேண்டா. கமேலியாவின் வேர்கள் மண்ணின் மேற்பரப்பை ஒட்டியே படர்வன. ஆழப் புதைத்தால் மூச்சு முட்டிச் சாகும். சாடியில் இருந்த மண்மட்டம், நிலமட்டத்துக்கு ஓரங்குலம் மேலே நிற்குமாறு நடுவது நலம். எடுத்த மண்ணோடு உக்கிய இலையைச் சரிபாதி கலந்து குழியை நிரப்புக. நீர் தேங்கும் இடமாயின் வேர் அழுகும். அங்கே மேடு கட்டி நடுக. பல செடிகள் வைப்போர் ஆறடி இடைவெளி விடுக.

நட்டபின் இரண்டு மூன்று அங்குலத் தடிப்புக்கு உக்கிய இலைகளாலோ தும்புச்சோற்றாலோ மூடாக்கு இடுக. ஆயின் தண்டைத் தொடாது நாலங்குலம் விலக்கியே இடல் வேண்டும். செடியின் அடியை மண்வெட்டியாற் கொத்துதல் கூடவே கூடாது. புல் முளைத்தாற் கையாற் பிடுங்குக. “இது வேருக்கு முள்ளுக் குத்துற செடி இல்லைங்க” என்று எம் மூதாட்டி அன்று சொன்னது இதனைத்தான்.

நீர், பசளை, கவ்வாத்து

மண் எப்போதும் ஈரமாய் இருக்கவேண்டும், சேறாக இருத்தலாகாது. மழைநீர் மிகச் சிறந்தது. கூரைநீரைப் பீப்பாவில் ஏந்தி வைத்துக்கொள்வோர் வறண்ட நாட்களில் வருந்தார். மொட்டுக்கள் பூப்பதற்குப் பல மாதங்கள் முன்னரே, புதுத் துளிர் முற்றும் காலத்தில் உருவாகத் தொடங்கிவிடும். அக்காலம் முதல் மலரும் வரை ஒருமுறை மண் நன்றாகக் காய்ந்தாலும், செடி தன்னைக் காத்துக்கொள்வதற்காக மொட்டுக்களை உதிர்த்துவிடும். மொட்டு உதிர்கிறது என்று முறையிடுவோர் பலரும், சில வாரங்களுக்கு முன் நீரூற்ற மறந்தவர்களே. சாடியிற் பூத்த செடியை இடம் மாற்றுவதும் மொட்டுக்கு ஆகாது.

பருத்து உருண்டது பூமொட்டு. மெலிந்து கூரானது இலைமொட்டு. ஒரு நுனியில் மூன்று நான்கு பூமொட்டுக்கள் நெருங்கி வந்தால், ஒன்றிரண்டை விட்டு ஏனையவற்றை மெல்லத் திருகி நீக்குக. எஞ்சியவை பெரிதாய் மலரும்.

பசளை சிறிதே போதும். பூத்து முடிந்தபின் உக்கிய இலையும் நன்கு மட்கிய சாணமும் இடுக. இலை வெளிறினால் அமோனியம் சல்பேற்றை, இளங்கன்றாயின் ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாது, ஒரு வாளி நீரிற் கரைத்து ஊற்றலாம். அது மண்ணின் அமிலத் தன்மையையும் சிறிது கூட்டும். சாம்பல், சுண்ணாம்பு, முட்டைக் கோது ஆகியவற்றை மறந்தும் இடாதீர்கள். எழுதும்போதே எமது கை நடுங்குகின்றது.

தேயிலை மலையைக் கண்டு பழகியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தேயிலைக்குச் செய்வது போன்ற கவ்வாத்து கமேலியாவுக்கு வேண்டா. பட்ட கிளை, உட்புறமாகக் குறுக்கிடும் கிளை, அளவுமீறி நீண்ட கிளை ஆகியவற்றை மட்டும் வெட்டுக. அதனையும் பூத்து முடிந்தவுடனே செய்க. பிந்தி வெட்டினால் அடுத்த ஆண்டின் மொட்டுக்களை நாமே வெட்டி எறிந்தவர்களாவோம்.

இலையின் அடியிற் செதிற் பூச்சியும், இளந்துளிரில் அழுக்கணவனும் பற்றுவதுண்டு. அவை கழிக்கும் இனிப்பு நீரிலே கரிய பூஞ்சணம் படர்ந்து இலை புகைபிடித்தது போலாகும். மெல்லிய சவர்க்கார நீரைத் துணியில் நனைத்து இலைகளைத் துடைத்து, பின்பு நல்ல நீராற் கழுவினாற் பெரும்பாலும் நீங்கிவிடும்.

கன்று பெருக்குதல்

விதையிலிருந்து வளர்ப்போர் அதனை ஒரு நாள் நீரில் ஊறவைத்து நடுக. ஆயின் பூக்க ஆறேழு ஆண்டுகள் செல்லும். பூவும் தாய்ச்செடியின் பூவைப் போல இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. வெட்டுத் துண்டே நல்ல வழி. இவ்வித்தையை மலைநாட்டவர்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1925ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற தேயிலை ஆராய்ச்சி நிலையம் பரப்பிய ‘வீ.பி.’ தேயிலைக் கன்றுகள் யாவும் இவ்வாறு துண்டுகளிலிருந்து வளர்க்கப்பட்டவைதாமே! நாற்றுமேடையில் வேலை செய்த தாய் தந்தையர் உள்ள வீட்டுப் பிள்ளைகள், அவர்களிடமே கேட்டறிந்து செய்க.

அடிப்பாகம் பழுப்பேறி நுனி இன்னும் பச்சையாயுள்ள இளங்கிளையிலிருந்து நாலங்குலத் துண்டை வெட்டி, மேலிரண்டு இலைகளை மட்டும் விட்டு, மணலும் தும்புச்சோறும் கலந்த சாடியில் நடுக. நிழலில் வைத்து, பொலித்தீன் உறையாற் கவிழ்த்து மூடுக. இரண்டு மூன்று மாதத்தில் வேர் விடும். பின்னரும் பொறுமை வேண்டும். கமேலியா மெல்ல வளரும் செடி. ஆயின் ஒருமுறை வேரூன்றிவிட்டால் பேரப்பிள்ளைகளும் அதன் பூவைக் காண்பர்.

பூவின் இயல்பு

சூடிக்கொள்ள நினைக்கும் சகோதரிகளுக்கு ஒன்று சொல்லிவைப்போம். கமேலியாவிற் பெரும்பாலானவற்றுக்கு மணமில்லை. மல்லிகைக்குப் போட்டியாக இதனைக் கருதாதீர்கள். வெள்ளை, இளஞ்சிவப்பு, செம்மை, இரண்டும் கலந்த வரிகள் என நிறத்தாலும், அடுக்கடுக்கான இதழமைப்பாலுமே இது மனத்தைக் கவர்வது. காம்பைக் கிள்ளி, அகன்ற கிண்ணத்து நீரில் மிதக்கவிட்டால் சில நாள் வாடாதிருக்கும்.

யப்போனிக்காவின் பூ இதழிதழாக உதிர்வதில்லை. இலவம்பூப் போல முழுப்பூவாகவே நிலத்தில் விழும். தலை துணிந்து விழுவது போல் இருக்கிறது என்று கருதி, யப்பானியர் நோயாளரைப் பார்க்கச் செல்லும்போது இதனைக் கொண்டுபோவதில்லை. சசங்குவாவின் பூவோ இதழிதழாகச் சிந்தும். யப்பானின் இசு ஓசிமா, கோத்தோ முதலிய தீவுகளில் சுபாக்கி விதையிலிருந்து எண்ணெய் எடுத்து, தலைக்குப் பூசவும் சமையலுக்கும் பயன்படுத்துவர். எமக்குத் தேங்காய் எண்ணெய் எவ்வாறோ, அத்தீவுப் பெண்களுக்கு இது அவ்வாறு.

அட்டன் மாணவிக்கு எமது விடை இது: உம்மால் இயலும். உமது வீட்டைச் சுற்றியுள்ள மண்ணே கமேலியா கேட்கும் மண். 1867ஆம் ஆண்டு லூல்கந்துரவில் 19 ஏக்கரிலே வணிகப் பயிராகத் தொடங்கிய தேயிலை, இம்மலைகளெங்கும் பரவி நிலைத்ததற்கு அம்மண்ணும் குளிரும் காரணம். அதனை நட்டு வளர்த்த கைகளும் காரணம். அந்தக் கைகளின் அனுபவம் உமது வீட்டிலேயே இருக்கலாம். முதற்பூ மலர்ந்ததும் உமது பாட்டியாரிடம் காட்டி, அவர் என்ன சொல்லுகிறார் என்று எமக்கு எழுதுக.

நல்லூர்ச் சகோதரியே, மூன்றாவது கமேலியாவை வாங்காதீர்கள். கமேலியாவைக் காண விரும்பினால், விடுமுறையிற் குடும்பத்தோடு மலைநாட்டுக்குச் சென்று, அது மகிழ்ந்து நிற்கும் இடத்திலேயே கண்டுவாருங்கள். உங்கள் முற்றத்துக்கு நந்தியாவட்டையோ மல்லிகையோ செவ்வரத்தையோ நட்டு, உங்கள் கையாலேயே நீரூற்றுங்கள். அது பூக்கும் நாளில், கைராசியில்லை என்று சொன்னவர்களை அழைத்துக் காட்டுங்கள்.

எம் அன்னையாரின் கிணற்றடியில் இன்று ஒரு நந்தியாவட்டை நிற்கின்றது. அதனை நட்டவர்கள் நாமே. ஆயினும் அதற்கு நீரூற்றும்போதெல்லாம், அது அவருடைய கையால் நட்டிருக்கவேண்டிய செடி என்ற எண்ணம் எமக்கு வராமலிருப்பதில்லை.